கட்டம் போட்டால் விண்வெளி குறுகிவிடாது

மேசைமேல் விண்கப்பல் மினியேச்சர்களை நிறுத்திப் போர் ஆடுகிறவர்களிடம் ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அந்த ஆட்டத்தை அறுகோணக் கட்டம் போட்ட விரிப்புக்கு மாற்றினால் அதன் உயிரே போய்விடும் என்கிறார்கள். டேப்பால் அளந்து நகர்த்தும்போது கப்பல் எந்தத் திசையிலும் எவ்வளவு தூரமும் போகலாமாம். கட்டத்துக்குள் அடைத்துவிட்டால் ஆறே திசை, முழு எண் மட்டும், பரந்த வெளி ஒரு பலகையாகச் சுருங்கிவிடுமாம். புதிதாக வருகிறவர்களுக்கும் இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர்களும் ஒருமுறைகூட ஆடிப் பார்க்காமல் அதையே திருப்பிச் சொல்கிறார்கள்.

இதை நான் முழுமையாக மறுக்கிறேன். தரைப்போருக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தலாம். விண்வெளிப் போர் விதிகளுக்குப் பொருந்தாது. டேப் தருவதாகச் சொல்லப்படும் சுதந்திரம் அந்த விதிகளுக்குள் முதலிலிருந்தே கிடையாது.

பொத்தாம்பொதுவாகப் பேசாமல் ஒரு விதிநூலை எடுத்துக்கொள்வோம். ஜான் டஃப்ளி எழுதி, இங்கிலாந்தின் கிரவுண்ட் ஸீரோ கேம்ஸ் வெளியிட்ட 'ஃபுல் திரஸ்ட்'. 1990களின் தொடக்கத்தில் வந்தது. இன்றும் இந்த வகை ஆட்டத்துக்கு அளவுகோலாக இருப்பது அதுதான். அதில் கப்பலின் போக்கு கடிகார முகத்தைப்போல 12 திசைகளில் ஒன்று; பதின்மூன்றாவது திசை கிடையாது. வேகம் முழு எண். உந்துதிறன் முழு எண். பீம் ஆயுதங்களின் வீச்சு 12 அங்குலத்துக்கு ஒரு படி வீதம் இறங்குகிறது. சுடும் கோணங்கள் ஆறு, ஒவ்வொன்றும் 60 பாகை. இவ்வளவையும் எண்ணி, வெட்டி, படிப்படியாக வகுத்துவைத்திருக்கிற ஒரு விதிநூலைக் கையில் வைத்துக்கொண்டு, 'எங்கள் ஆட்டத்தில் எல்லையற்ற இயக்கம்' என்று சொல்வது எப்படிச் சரியாகும்? கட்டம் ஏற்கெனவே விதிக்குள் இருக்கிறது. விரிப்பில் மட்டும்தான் அது வரையப்படவில்லை.

எதிர்த்தரப்பு உடனே சொல்லும்: 'திசை பன்னிரண்டு, அறுகோணத்துக்குப் பக்கம் ஆறு. பாதித் திசை போயிற்றே!' போகவில்லை. அறுகோணத்துக்கு ஆறு பக்கங்கள் மட்டுமல்ல, ஆறு முனைகளும் உண்டு. கப்பலின் மூக்கு ஒரு பக்கத்தைப் பார்த்து நிற்கலாம், ஒரு முனையைப் பார்த்தும் நிற்கலாம். இரண்டுக்கும் இடையே சரியாக 30 பாகை. ஆறும் ஆறும் பன்னிரண்டு. கடிகார முகம் அப்படியே கிடைத்துவிட்டது. பக்கத்தைப் பார்த்துப் போகிற கப்பல் நேர்வரிசையில் கட்டம் கட்டமாகப் போகும். முனையைப் பார்த்துப் போகிற கப்பல் இடம் ஒன்று, வலம் ஒன்று என்று மாறிமாறி அடியெடுத்து வைக்கும்.

நேர்மையாகச் சொல்ல வேண்டிய குறை ஒன்று இங்கே உண்டு. முனைத் திசையில் இரண்டு அடி வைத்தால் உண்மையில் கடக்கும் தூரம் இரண்டு அல்ல, ஏறத்தாழ 1.73. எண்ணிக்கை சொல்லும் தூரத்துக்கும் நிஜத் தூரத்துக்கும் இடையே அதிகபட்சம் 15 சதவீதத்துக்குச் சற்று மேலே வேறுபாடு வரும். கட்டத்தை எதிர்ப்பவர்களின் கையில் இருக்கிற உருப்படியான ஆயுதம் இது ஒன்றுதான். அது எவ்வளவு வெட்டுகிறது என்று ஒரு நகர்வை வைத்தே பார்த்துவிடலாம்.

உந்துதிறன் 4 உள்ள ஒரு குரூஸர், வேகம் 8, 12 மணித் திசையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. வலப்பக்கம் இரண்டு புள்ளி திரும்பச் சொல்லி ஆணை எழுதியாயிற்று. ஃபுல் திரஸ்ட் விதிப்படி உந்துதிறனில் பாதியைத்தான் திரும்புவதற்குச் செலவிடலாம். திருப்பத்தில் பாதி நகர்வின் தொடக்கத்தில் நடக்கும், மீதி நடுவழியில். ஆக, முதலில் 1 மணித் திசைக்குத் திரும்பி 4 அங்குலம், பிறகு 2 மணித் திசைக்குத் திரும்பி இன்னொரு 4 அங்குலம். ஓர் அங்குலக் கட்டத்தில் இதையே செய்தால், முதல் நான்கு அடி முனைத் திசையில் வளைந்து வளைந்து போகும், அடுத்த நான்கு பக்கத் திசையில் நேராகப் போகும். இரண்டு முறையிலும் கப்பல் வந்து நிற்கிற இடங்களைக் கணக்கிட்டால் இடைவெளி சற்றேறக்குறைய அரை அங்குலம். மாடல் நிற்கிற அடித்தட்டின் அகலம்கூட இல்லை.

இந்த அரை அங்குலத்துக்கும் டேப்பில் வரும் பிழைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. கட்டத்தின் பிழை எல்லோருக்கும் ஒன்று. நகர்த்துவதற்கு முன்பே தெரியும். என் கப்பலுக்கும் உன் கப்பலுக்கும் ஒரே அளவு. டேப்பின் பிழை கையைப் பொறுத்தது. மாடலை 30 பாகை திருப்புகிறோம் என்று நினைத்து 26 திருப்புவோம், அடுத்த முறை 33 திருப்புவோம். 24 அங்குலம் பாய்கிற கப்பலின் மூக்கை 5 பாகை தவறாகத் திருப்பிவிட்டால் அது போய் நிற்கிற இடம் இரண்டு அங்குலத்துக்கும் மேலே விலகிவிடும். அதை யாரும் கவனிப்பதில்லை. அடுத்த சுற்று அந்தத் தவறான இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. நான்கைந்து சுற்று போனால் எழுதிய ஆணைக்கும் மேசைமேல் நிற்கும் கப்பலுக்கும் உறவே இருக்காது. இந்தப் பிழையைத் துல்லியம் என்றும், முன்கூட்டியே தெரிகிற பிழையைச் சிதைவு என்றும் பெயரிட்டு அழைப்பது நியாயமில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கட்டத்தில் நகர்வையும் வீச்சையும் ஒரே எண்ணிக்கையால்தான் அளக்கிறோம். முனைத் திசையில் 12 அடி போன கப்பல், கிளம்பிய இடத்திலிருந்து எண்ணினாலும் 12 கட்டம் தள்ளித்தான் நிற்கும். ஓட்டத்தில் குறைந்த அதே விகிதத்தில் துப்பாக்கியின் வீச்சும் குறைகிறது. பீமின் வீச்சு எல்லை வட்டமாக இல்லாமல் அறுகோணமாக இருக்கிறது, அவ்வளவுதான். அந்த உலகத்துக்குள் எந்த முரணும் இல்லை. காகிதத்தில் வடிவியல் வரைந்து குறை கண்டுபிடிக்கலாம். ஆடுகிறவனுக்கு அதனால் ஒரு பகடைகூடக் கூடவோ குறையவோ செய்யாது.

வீச்சைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஃபுல் திரஸ்டில் இரண்டாம் வகுப்பு பீமுக்கு 12 அங்குலம்வரை 2 பகடை, அதைத் தாண்டி 24 வரை 1 பகடை. அதாவது 12 என்ற கோட்டைத் தாண்டினால் பாதிச் சூடு போய்விடும். டேப் ஆட்டத்தில் இந்தக் கோட்டின்மேல்தான் சண்டையெல்லாம் நடக்கிறது. இரண்டு பேர் மேசைக்கு மேலே குனிந்து நிற்கிறார்கள். நடுவில் இருக்கிற மாடல்களின் ஆன்டெனாக்களில் இடிக்காமல் டேப்பைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அது நடுவில் தொய்கிறது. ஒருவர் அடித்தட்டின் விளிம்பிலிருந்து பார்க்கிறார், மற்றவர் நடுத்தண்டிலிருந்து பார்க்கிறார். முழங்கை பட்டு ஒரு டெஸ்ட்ராயர் கால் அங்குலம் நகர்ந்துவிடுகிறது. அது முதலில் எங்கே நின்றது என்று இரண்டு பேருக்கும் நினைவில்லை. நல்ல நண்பர்களாக இருந்தால் ஒருவர் விட்டுக்கொடுப்பார். அந்தக் கப்பலின் கதியை முடிவுசெய்தது அவருடைய பெருந்தன்மை, எழுதிய ஆணையும் இல்லை, பகடையும் இல்லை. கட்டத்தில் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். மாடல் இடறி விழுந்தால் எடுத்து அதே கட்டத்தில் வைத்துவிடலாம்.

சுடும் கோணங்களில் உண்மையாகவே ஒரு சிக்கல் உண்டு. 60 பாகைக் கோணத்தின் எல்லைக்கோடு சில கட்டங்களை இரண்டாகப் பிளந்துகொண்டு போகும். அந்தக் கட்டத்தில் நிற்கும் எதிரி முன்கோணத்தில் இருக்கிறானா, பக்கக்கோணத்திலா? ஒரு வரியில் விதி எழுதினால் போதும்: கோட்டின்மேல் நிற்கிற இலக்கை எந்தக் கோணத்தில் சேர்ப்பது என்பது சுடுகிறவரின் விருப்பம். டேப் மேசையிலும் இதே கோடு இருக்கிறது, அதே சிக்கலும் இருக்கிறது. அங்கே அதற்கு விதி எழுதுவதில்லை, வாக்குவாதம்தான் நடக்கிறது.

இதுவரை நான் தற்காத்துத்தான் பேசியிருக்கிறேன். திசையன் இயக்கம் என்று வந்துவிட்டால் தற்காப்புக்கே தேவையில்லை; டேப்தான் பதில் சொல்ல வேண்டும்.

நிஜ விண்வெளியில் கப்பல் மூக்கைத் திருப்பினால் போக்கு திரும்பாது. போன வேகம் அப்படியே இருக்கும். எஞ்சின் கொடுக்கிற தள்ளல் அதோடு கூடும். இந்தக் கூட்டலை மேசைமேல் டேப்பாலும் பாகைமானியாலும் செய்வது பெரும்பாடு. அறுகோணக் கட்டத்தில் அது குழந்தைக் கணக்கு. வடக்கே ஒரு கட்டமும் தென்கிழக்கே ஒரு கட்டமும் கூட்டினால் வடகிழக்கே ஒரு கட்டம். மிச்சம் இல்லை, பின்னம் இல்லை. வடக்கே 5, வடகிழக்கே 3 என்று பாய்ந்துகொண்டிருக்கிற கப்பல் தென்கிழக்கே ஒரு புள்ளி தள்ளினால், அடுத்த சுற்றில் அதன் வேகம் வடக்கே 4, வடகிழக்கே 4. எத்தனை சுற்று ஆடினாலும், எத்தனை தள்ளல் கூட்டினாலும் கப்பல் ஒரு கட்டத்தின் நடுவில்தான் வந்து நிற்கும். பிழை சேர்வதற்கு இடமே இல்லை. நியூட்டனின் விதியை மேசைமேல் இதைவிடச் சுத்தமாக நடத்திக்காட்டும் கருவி எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. மார்க் மில்லரும் ஜான் ஹர்ஷ்மனும் 1973இல் உருவாக்கிய 'டிரைபிளானெட்டரி', அறுகோணக் கட்டத்தின்மேல் கிரீஸ் பென்சிலால் அம்புக்குறி போட்டே இந்தக் கணக்கை நடத்தியது. அதை வெளியிட்ட ஜிடிடபிள்யூ நிறுவனமே 1977இல் கொண்டுவந்த 'டிராவலர்' விதிநூலில் விண்கப்பல் சண்டை மினியேச்சர் பாணியில் இருந்தது. தரையிலோ மேசையிலோ அளவுகோல் வைத்துத் திசையனை அளந்து நகர்த்த வேண்டும். அடுத்த ஆண்டே, 1978இல், அதே டிராவலர் உலகத்துக்கு 'மேடே' வந்தது. அளவுகோல் போய்விட்டது, அறுகோணக் கட்டம் வந்துவிட்டது. ஒவ்வொரு கப்பலுக்கும் மூன்று வில்லைகள்: போன சுற்றில் இருந்த இடம், இப்போது இருக்கிற இடம், அடுத்த சுற்றில் சேரப்போகிற இடம். மூன்றாவது வில்லையை எஞ்சின் தள்ளுகிற அளவுக்கு நகர்த்தினால் கணக்கு முடிந்தது. ஒரு கட்டம் ஓர் ஒளி-விநாடித் தூரம், ஒரு சுற்று 100 நிமிடம். 1ஜி முடுக்கத்தில் 100 நிமிடம் எஞ்சினை ஓட்டினால் வேகம் சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு கட்டம் கூடும் என்பது இயற்பியலோடும் ஒத்துப்போகிறது. மேசை விதிகளைக் கட்டத்துக்கு மாற்றினால் செத்துப்போகும் என்கிறவர்கள் இந்த இரண்டு விதிநூல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கட்டும்.

பிறகு ஏன் இவ்வளவு பேர் கட்டத்தில் ஆடிப் பார்த்துவிட்டுக் கசந்துபோய்த் திரும்புகிறார்கள்? பெரும்பாலும் மாற்றியவிதம் தவறு. மாடல்கள் பெரியவை, கடையில் கிடைத்த விரிப்பில் கட்டங்களும் பெரியவை, எனவே 'ஒரு கட்டம் இரண்டு அங்குலம்' என்று வைத்துக்கொண்டு எல்லா எண்ணையும் இரண்டால் வகுத்துவிடுகிறார்கள். வீச்சு 12 என்பது 6 ஆகலாம், பரவாயில்லை. ஆனால் உந்துதிறன் 4 என்பது 2 ஆகிறது, 5 என்ன ஆகும்? மேலே முழுமையாக்கினால் 6 திறனுள்ள கப்பலுக்குச் சமம், கீழே முழுமையாக்கினால் 4 திறனுள்ளதற்குச் சமம். சுறுசுறுப்பான எஸ்கார்ட்டுக்கும் கனத்த குரூஸருக்கும் இருந்த வேறுபாடு அந்த வகுத்தலில் கரைந்துபோகிறது. இதில் கட்டத்தின் குற்றம் எதுவும் இல்லை, எல்லாம் வகுத்தவரின் குற்றம். விதியின் ஓர் அலகுக்கு ஒரு கட்டம், அதில் கை வைக்கவே கூடாது. ஆறடிக்கு நாலடி மேசையில் ஓர் அங்குலக் கட்டம் போட்டால் நீளவாக்கில் எழுபது கட்டத்துக்கு மேலே வரும்; ஃபுல் திரஸ்டுக்கு அது தாராளம். மாடல் கட்டத்தைவிடப் பெரிதாக இருந்தால் இருக்கட்டும். அது நிற்கிற தண்டின் அடிதான் கப்பலின் இடம். இறக்கையும் கோபுரமும் அடுத்த கட்டத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருப்பதால் எந்த விதியும் உடையாது. ஒரே கட்டத்தில் இரண்டு கப்பல் வந்தால் ஒன்றின் தண்டை ஓரமாகத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலமுள்ள வெளியில் இரண்டு கப்பல்களுக்கு இடமில்லையா என்ன?

வரலாற்றைத் துணைக்கு அழைப்பவர்களும் இருக்கிறார்கள். 1780இல் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் சதுரங்கத்திலிருந்து வளர்த்தெடுத்த போர் விளையாட்டு சதுரக் கட்டங்களில் நடந்தது. 1824இல் இளைய ரைஸ்விட்ஸ் பிரஷ்யப் படைக்குக் கொடுத்த 'கிரீக்ஷ்பீல்' கட்டத்தைத் தூக்கி எறிந்துவிட்டு 1:8000 அளவிலான நிலவரைபடத்தில் நடந்தது. கட்டத்திலிருந்து விடுபடுவதே முன்னேற்றம், திரும்பிப் போவது பின்னடைவு என்பது இவர்கள் வாதம். ரைஸ்விட்ஸ் கட்டத்தை விட்டதற்குக் காரணம் நிலம். ஆறு சதுரமாக வளையாது. குன்றின் சரிவு கட்டத்தின் ஓரத்தில் முடிவதில்லை. சாலை மூலைவிட்டமாகப் போகும். விண்வெளியில் எந்த ஆறு ஓடுகிறது? அங்கே ஓர் இடத்துக்கும் பக்கத்து இடத்துக்கும் வேறுபாடே இல்லை. கட்டம் எதைச் சிதைக்கும் என்று தரைப்போர்க்காரர்கள் அஞ்சினார்களோ அது அங்கே இல்லவே இல்லை. இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள்: கிரீக்ஷ்பீலில் நடுவர் ஒருவர் இருந்தார். அளவையில் தகராறு வந்தால் அவர் சொல்வதே தீர்ப்பு. நம் மேசைக்கு இரண்டு பேர்தான் வருகிறார்கள்.

மதிக்கத் தக்க ஒரு மறுப்பு மிச்சமிருக்கிறது. கண்ணால் தூரத்தைக் கணிப்பது ஒரு திறமை. கட்டம் போட்டால் அந்தத் திறமைக்கு வேலை இல்லாமல் போகிறது என்பது. உண்மைதான். அமெரிக்க எழுத்தாளர் ஃபிளெட்சர் பிராட் 1940இல் நூலாக வெளியிட்ட கடற்போர் விளையாட்டின் உயிரே அதுதான். தரையில் போர்க்கப்பல் மாடல்களைப் பரப்பிவைத்து, குப்புறப் படுத்துப் பார்த்து, இலக்கு எத்தனை அங்குலம் தள்ளி என்று ஊகித்து எழுத வேண்டும், பிறகுதான் அளப்பார்கள். பீரங்கித் தளபதியின் கண் அங்கே பரிசோதிக்கப்பட்டது. அந்த விளையாட்டில் கட்டம் போடச் சொன்னால் நானே எதிர்ப்பேன். ஆனால் ஃபுல் திரஸ்ட் பரிசோதிப்பது வேறொன்று. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஆணை எழுதுகிறார்கள். பிறகு எல்லாக் கப்பல்களும் சேர்ந்தே நகர்கின்றன. சால்வோ ஏவுகணையைக் கப்பல்கள் நகர்வதற்கு முன்பே 24 அங்குலத்துக்குள் எங்காவது வைத்துவிட வேண்டும். எதிரி நகர்ந்து முடித்தபின் அதற்கு 6 அங்குலத்துக்குள் இருந்தால்தான் அது பாயும். எதிரி இப்போது எங்கே இருக்கிறான் என்பது இங்கே கேள்வியே இல்லை. அவன் என்ன எழுதியிருப்பான், வேகத்தைக் கூட்டுவானா, என் பீமுக்குப் பயந்து இடப்பக்கம் ஒதுங்குவானா, நான் அப்படி நினைப்பேன் என்று தெரிந்தே நேராக வருவானா? இந்த மனக்கணக்குதான் ஆட்டம். எதிரிக் கப்பல் எட்டக்கூடிய இடங்களை எண்ணிப் பார்க்க முடிந்தால் இந்தச் சிந்தனை கூர்மையாகும். கணித்தது சரியாக இருந்தும் கை பிசகி ஏவுகணை 6 அங்குலத்துக்கு வெளியே விழுந்தால், தோற்றது மூளை இல்லை, மணிக்கட்டு. விண்கப்பலின் கேப்டனுக்குத் தூரம் சொல்ல ரேடார் இருக்கிறது. அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அங்குலம் ஊகிப்பதாகக் கற்பனை செய்வதில் எந்த யதார்த்தமும் இல்லை.

கை நடுங்குகிறவர்களும் பார்வை மங்கியவர்களும் இந்த ஆட்டத்தை ஆட வேண்டும் என்பது எனக்கு முக்கியம். டேப்பின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவர்களை நினைத்துப் பார்ப்பதில்லை.

அழகு என்று சொன்னால், கோடு போட்ட விரிப்பு விண்வெளியின் தோற்றத்தைக் கெடுக்கிறது என்ற புகாரில் பாதி நியாயம் உண்டு. வெள்ளைக் கோடுகள் அடர்த்தியாக ஓடும் விரிப்பு எனக்கும் பிடிக்காது. ஆனால் கட்டத்தை முழுவதும் வரைய வேண்டும் என்று யார் சொன்னார்கள்? கறுப்புத் துணியில் ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் ஒரு மங்கலான புள்ளி போதும். இரண்டடி தள்ளி நின்று பார்த்தால் நட்சத்திரமாகத் தெரியும். குனிந்து பார்த்தால் எண்ணலாம்.

எல்லாவற்றையும் கட்டத்துக்கு மாற்று என்று நான் சொல்லவில்லை. 2012இல் வந்த 'எக்ஸ்-விங்' ஆட்டத்தை மாற்றுவது வீண் வேலை; அதில் விமானத்தின் அடித்தட்டு அட்டை வார்ப்பின் ஓரத்தில் உரசுவதும் இன்னொன்றின்மேல் மோதி நிற்பதும்தான் சுவை. ஆனால் அதையும் கவனியுங்கள்: அதில் டேப்பே கிடையாது. நேர் வார்ப்பு ஐந்து நீளம், வளைவு வார்ப்பு மூன்று மூன்று அளவு, வீச்சுக்கு மூன்று படி போட்ட ஓர் அளவுகோல். அவ்வளவு பேர் விரும்பி ஆடிய அந்த விண்கப்பல் மினியேச்சர் ஆட்டத்தில் எல்லையற்ற சுதந்திரம் இல்லை, அதைத் தேடி யாரும் அழவும் இல்லை. எதிர்த்திசையிலும் ஒரு சான்று இருக்கிறது. அறுகோணக் கட்டத்திலேயே பிறந்து வளர்ந்த 'பேட்டில்டெக்' 2013இல் 'ஆல்ஃபா ஸ்டிரைக்' என்று டேப் வடிவம் எடுத்தபோது ஒரு கட்டத்தை இரண்டு அங்குலம் என்று வைத்துக் கணக்கை மாற்றிக்கொண்டது. கட்டத்திலிருந்து டேப்புக்குப் போனால் அதை யாரும் கொலை என்று சொல்லவில்லை. டேப்பிலிருந்து கட்டத்துக்கு வந்தால் மட்டும் ஏன் அந்தப் பேச்சு?

கடைசியாக, 'விண்வெளி முப்பரிமாணம், கட்டமோ தட்டை' என்பார்கள். மேசையும் தட்டைதான், டேப் பிடித்ததால் யாருடைய கப்பலும் மேலே ஏறிவிடவில்லை. 2004இல் கென் பர்ன்சைட் வடிவமைத்து ஆட் ஆஸ்ட்ரா கேம்ஸ் வெளியிட்ட 'அட்டாக் வெக்டர்: டாக்டிகல்' மூன்று பரிமாணத்திலும் நியூட்டன் விதிப்படி கப்பல்களைச் செலுத்துகிறது. உயரத்துக்கு அடுக்குவில்லைகள், கப்பல் சாய்ந்து நிற்பதற்குச் சாய்வுக்கட்டைகள். நிஜ விண்வெளிக்கு மிக அருகில் போக முயன்ற மேசை விளையாட்டுகளில் ஒன்று அது. அந்த அடுக்குகளுக்கு அடியில் விரித்திருப்பது அறுகோணக் கட்டம்.